தெருவுக்குத் தெரு புத்தகக் கடை, புத்தகத்துக்கு ஒரு கொலை: புத்தக ஊர் கோஸி மர்மங்கள் பற்றி

மைக்கறை (இழையைத் தொடங்கியவர்)

ஊர் முழுக்கப் புத்தகக் கடைகள். செத்துப்போகிறவர் புத்தகக் கடைக்காரர். சந்தேகத்துக்கு ஆளாகிறவர்களில் பாதிப் பேர் புத்தகக் கடைக்காரர்கள். துப்பறிகிறவரும் புத்தகக் கடைக்காரர்தான். இருநூற்றுச் சொச்சம் பக்கம் தாண்டி, கடைசியில் கொலைக்குக் காரணம் என்னவென்று பார்த்தால் ஒரு மனைத் தகராறு, இல்லாவிட்டால் பழைய காதல், அதுவும் இல்லாவிட்டால் உயில். எனக்கு இதுதான் எரிச்சல். இதே கதையைப் பொத்தான் கடைகள் நிறைந்த ஊரில் வைத்தாலும் பெரிதாக எதையும் மாற்ற வேண்டியிருக்காதே, அப்புறம் எதற்கு அத்தனை அலமாரிகள்?

இந்தப் பக்கம் வராதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோஸி மிஸ்டரியில் ரத்தம் தெறிக்காது, கொலை பெரும்பாலும் நம் கண்ணுக்கு மறைவாக நடந்து முடிந்திருக்கும், துப்பறிகிறவர் போலீஸ்காரர் இல்லை, ஊர் சின்னது, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். புத்தக ஊர் என்பது அதில் ஒரு தனிக் கிளை. அமெரிக்காவில் லோர்னா பாரெட் எழுதும் புக்டவுன் வரிசை இதில் நன்றாக ஓடுகிற ஒன்று. முதல் நாவல் 'மர்டர் இஸ் பைண்டிங்' 2008இல் வந்தது. நியூ ஹாம்ப்ஷயரில் ஸ்டோன்ஹாம் என்று ஒரு கற்பனைக் கிராமம், படுத்துவிட்ட ஊரை நிமிர்த்த வெளியிலிருந்து பழைய புத்தக வியாபாரிகளை அழைத்துவந்து குடியேற்றுகிறார்கள், கதாநாயகி ட்ரிஷியா மைல்ஸ் மர்மக் கதைகள் விற்கும் கடை வைத்திருக்கிறார்.

நிஜத்தில் இந்த யோசனைக்கெல்லாம் மூலம் வேல்ஸ் எல்லையில் இருக்கிற ஹே-ஆன்-வை. ரிச்சர்ட் பூத் 1960களின் தொடக்கத்தில் அங்கே கடை திறந்தார், மூடப்பட்ட நூலகங்களின் புத்தகங்களை மொத்தம் மொத்தமாக வாங்கி வந்து கொட்டினார், 1977 ஏப்ரல் 1 அன்று அந்த ஊரைத் தனி நாடாகவும் தன்னை அதன் அரசராகவும் அறிவித்துக்கொண்டார், தன் குதிரையைப் பிரதமராக்கினார். (இதை ஒரு நாவலில் எழுதினால் நம்பும்படி இல்லை என்று எடிட்டர் வெட்டிவிடுவார்.)

என் கட்சி இதுதான்: பழைய புத்தக வியாபாரத்துக்குள்ளேயே கொலைக்கான காரணங்கள் கொட்டிக் கிடக்கின்றன, எழுதுகிறவர்கள்தான் குனிந்து எடுப்பதில்லை. ஏலத்தில் 'ரிங்' என்று ஒன்று உண்டு. பெரிய வீட்டுக்காரர் ஒருவர் இறந்து அவருடைய நூலகம் ஏலத்துக்கு வருகிறது என்று வையுங்கள். வந்திருக்கும் வியாபாரிகள் ஒருவரோடொருவர் போட்டி போடுவதில்லை என்று முன்பே பேசி முடித்திருப்பார்கள். ஒருவர் மட்டும் கேட்டு அடிமாட்டு விலைக்கு வாங்குவார். பிறகு எல்லாரும் ஏதாவது விடுதியின் பின்னறையில் கூடித் தங்களுக்குள் நிஜமான ஏலத்தை நடத்தி, வித்தியாசத்தைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். இறந்தவர் குடும்பத்துக்குக் கிடைப்பது சொற்பம். பிரிட்டனில் இதை ஒடுக்க 1927இல் தனிச் சட்டமே போட்டார்கள்.

இதைக் கொண்டுபோய் ஒரு புத்தக ஊரில் வையுங்கள். பகலில் எதிரெதிர்க் கடைக்காரர்கள், ராத்திரியில் கூட்டாளிகள். ஒருவருக்கு மட்டும் மனசு உறுத்துகிறது, வாயைத் திறக்கப் போகிறார். கொலை தானாக வருகிறதா இல்லையா? நான் படித்த கோஸிகளில் ஒன்றில்கூட இது வரவில்லை.

---

அரைத்தூக்கம்

ஏனென்றால் படுக்கையில் சாய்ந்து படிக்கிறவளுக்கு ஏலச் சட்டம் வேண்டாம் தம்பி. பூனை வேண்டும். பூனைக்கு ஒரு பெயர் வேண்டும்.

---

தூசுத்தாள்

மைக்கறை சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியில் எனக்கு வழக்கு இருக்கிறது. அலமாரிகள் வெறும் அலங்காரம் என்கிறீர்கள், ஆனால் கதையின் எலும்புக்கூட்டுக்கு அவை எவ்வளவு உதவுகின்றன என்று பாருங்கள்.

தொழில்முறை இல்லாத ஒருவர் துப்பறிய வேண்டுமென்றால் முதல் சிக்கல், யாரிடம் எப்படிப் போய்ப் பேசுவது என்பதுதான். போலீஸ்காரர் கதவைத் தட்டலாம், சாதாரண ஆள் தட்ட முடியாது. கடைக்காரிக்கு அந்தத் தொல்லை இல்லை, சந்தேகத்துக்குரியவர்கள் தாங்களாகவே கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவார்கள். இது எந்தக் கடைக்கும் பொருந்தும்தான். ஆனால் ஒரு மளிகைக் கடையிலோ மருந்துக் கடையிலோ எதுவும் வாங்காமல் ஒருவர் ஒரு மணி நேரம் நின்றால் என்ன வேண்டும் என்று கேட்டுவிடுவார்கள். புத்தகக் கடையில் நிற்கலாம். ஒரு மூலையில் முதுகு காட்டி நின்றுகொண்டு, கையில் விரித்த புத்தகத்தோடு, அடுத்த வரிசையில் இரண்டு பேர் குசுகுசுவென்று பேசுவதைக் கேட்கலாம். அலமாரி உயரமானது, ஆளை மறைக்கும், ஆனால் குரலை மறைக்காது. இந்த வசதி வேறு எந்தக் கடையில் இருக்கிறது?

அப்புறம் ஒருவர் என்ன வாங்குகிறார் என்பதே அவரைக் காட்டிக்கொடுக்கும். திடீரென்று ஒருவர் விஷச் செடிகள் பற்றிய புத்தகம் கேட்டால் கடைக்காரிக்கு நினைவிருக்கும்.

---

கதவிடுக்கு

விஷச் செடிப் புத்தகத்தைத் தன் ஊர்க் கடையிலேயே போய்க் கேட்கிற கொலைகாரன் பிடிபட வேண்டியவன்தான்.

எனக்கு வேறு பிரச்சினை. வரிசை நீள நீள அந்த ஊரில் பிணங்கள் எத்தனை! 'மர்டர், ஷி ரோட்' தொலைக்காட்சித் தொடர் 1984 முதல் 1996 வரை 264 எபிசோடு ஓடியது, கேபட் கோவ் என்ற அந்தச் சின்னக் கடலோர ஊரில் விழுந்த கொலைகளை வைத்து கேபட் கோவ் சிண்ட்ரோம் என்று ஒரு பெயரே புழங்க ஆரம்பித்துவிட்டது. அந்தத் தொடர்காரர்களாவது புத்திசாலிகள், கதாநாயகியை அடிக்கடி வெளியூர் அனுப்பினார்கள், பிற்பாடு நியூயார்க்கில் ஒரு வீடும் பிடித்துக் கொடுத்தார்கள். புத்தக ஊர் நாவலில் அது முடியாது, ஏனென்றால் ஊர்தான் விற்பனைப் பொருள். அதனால் கொலை அங்கேயே நடந்தாக வேண்டும், மறு வாரம் சுற்றுலாப் பேருந்தும் அங்கேயே வந்து நிற்க வேண்டும். பத்தாவது புத்தகத்தில் ஊரில் யார் மிச்சம்?

---

தூசுத்தாள்

அதற்குப் புத்தக ஊரில்தான் விடை இருக்கிறது, கவனித்தீர்களா. ஒரு கடைக்காரர் செத்தால் ஒரு கடை காலியாகிறது. காலிக் கடைக்குப் புது வாடகைக்காரர் வருவார். புது ஆள், புது ரகசியம். ஒரு குக்கிராமத்தில் புது முகங்களை நுழைக்க எழுத்தாளர் திணற வேண்டும், இங்கே ஒவ்வொரு கொலையும் அடுத்த பாகத்துக்கு ஆள் எடுத்துக் கொடுத்துவிடுகிறது. கொடூரமான நிர்வாகம், ஆனால் ஓடுகிறது.

---

அரைத்தூக்கம்

😂 'கடை வாடகைக்கு. முந்தைய கடைக்காரர் கொல்லப்பட்டார். நல்ல வெளிச்சம்.'

---

பழைய_அட்டை

ரிங் பற்றி மைக்கறை எழுதிய விவரம் சரி. இந்த வியாபாரத்தில் கொஞ்ச காலம் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். இது நாவல் இல்லை, நடந்தது. நாவல்காரர்கள் கையில் ஏன் இன்னும் நன்றாக விழவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

தாமஸ் ஜே. வைஸ் என்று ஒருவர் இருந்தார். லண்டனில் அரிய புத்தகம் சேர்ப்பவர்கள் மத்தியில் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது, நூற்பட்டியல் அறிஞர்களின் சங்கத்துக்கே தலைவராக இருந்தவர். ஆங்கிலக் கவிஞர் எலிசபெத் பாரெட் பிரௌனிங்கின் புகழ்பெற்ற சானெட் (பதினான்கு வரிக்) கவிதைகள் 1850இல் அச்சானவை. ஆனால் அதற்கு முன்பே, 1847இல், ரெடிங் என்ற ஊரில் தனிச் சுற்றுக்காக அச்சிட்டது என்று ஒரு மெல்லிய பிரசுரம் சந்தைக்கு வந்தது. கவிஞர் கணவருக்குக் கொடுத்த கவிதைகள், அதன் முதல் அச்சு என்றால் கேட்கவா வேண்டும், சேகரிப்பவர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள்.

ஜான் கார்ட்டர், கிரஹாம் பொல்லார்ட் என்று இரண்டு இளம் புத்தக வியாபாரிகளுக்கு இதில் சந்தேகம் வந்தது. கவிஞர் கையெழுத்திட்டுக் கொடுத்த பிரதி ஒன்றுகூட எங்குமே இல்லை. எல்லாப் பிரதிகளும் அன்றைக்கு அச்சானவை போலப் புதுசாக இருந்தன. தாளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள், ரசாயனத்தில் வேகவைத்த மரக்கூழ் தெரிந்தது. அந்த வகைத் தாள் இங்கிலாந்தில் 1874க்கு முன்னால் புழக்கத்திலேயே இல்லை. பிறகு எழுத்து வார்ப்பைப் பார்த்தார்கள், சில எழுத்துகளின் வடிவம் 1847க்கு வெகுகாலம் கழித்து வந்தது; அதைப் பிடித்துக்கொண்டே போய் எந்த அச்சகம் என்பதையும் கண்டுபிடித்தார்கள். இப்படி ஐம்பதுக்கு மேற்பட்ட பிரசுரங்களை ஆராய்ந்து 1934இல் புத்தகமாகப் போட்டார்கள். அதில் இந்தப் போலிகளுக்குப் பின்னால் இருந்த குற்றவாளி வைஸ்தான் என்று நேரடியாக எங்குமே எழுதவில்லை. சான்றுகளை அடுக்கிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்கள், படிக்கிற யாருக்கும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. வைஸ் 1937இல் ஒப்புக்கொள்ளாமலே போய்ச்சேர்ந்தார். அதற்கும் பல வருடம் கழித்து, பிரிட்டிஷ் மியூசியத்திலிருந்த பழைய நாடகப் பிரதிகளிலிருந்து தாள்களை உருவித் தன் பிரதிகளில் சேர்த்திருக்கிறார் என்பதும் வெளியே வந்தது.

இதில் பிணம் மட்டும்தான் இல்லை. மற்றபடி கோஸிக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. துப்பறிகிறவர்கள் கடைக்காரர்கள், துப்பு புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது, குற்றவாளி ஊரே கும்பிடுகிற பெரிய மனிதர்.

---

மைக்கறை

ஐயா, இதைத்தான் நான் கத்திக்கொண்டிருக்கிறேன்! கடைக்காரி கடைக்காரியாக இருப்பதால் மட்டுமே கண்டுபிடிக்கக்கூடிய ஒரு துப்பு வேண்டும். அவள் கண்ணுக்குத் தெரிவது போலீஸ்காரர் கண்ணுக்குத் தெரியக் கூடாது, ஆனால் நம் கண் முன்னாலும் அதை வைத்திருக்க வேண்டும். அந்த மாதிரி இன்னும் என்னென்ன இருக்கின்றன, சொல்லுங்களேன்.

---

பழைய_அட்டை

நிறைய. கையில் எடுத்தவுடன் பார்க்கிற விஷயங்களையே சொல்கிறேன்.

மேலுறை. 1920களின் நாவல் முதல் பதிப்பு என்றால், அந்தத் தாள் மேலுறை இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் அதில் சின்னப் பங்கு, பல நேரம் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அதனால் பிந்தைய அச்சின் மேலுறையை எடுத்து முதல் அச்சுக்குப் போர்த்துவது ஒரு பழைய தில்லுமுல்லு. எப்படித் தெரியும்? மேலுறையின் பின்பக்கத்தில் அந்த எழுத்தாளரின் அடுத்த புத்தகத்துக்கு விளம்பரம் இருக்கும், அப்போது எழுதப்பட்டே இருக்காத புத்தகத்துக்கு. இதைச் சாதாரண ஆள் பார்த்தால் விளம்பரம்தானே என்று விட்டுவிடுவார்.

வெயில். புத்தகத்தின் முதுகுதான் முதலில் வெளுக்கும். டோக்கியோவில் ஜின்போசோ என்ற பழைய புத்தகக் கடை வட்டாரம் இருக்கிறது, அங்கே பெரிய சாலையின் தெற்குப் பக்கத்தில்தான் கடைகள் அதிகம், வடக்கு பார்த்து இருந்தால் நேர் வெயில் உள்ளே விழாது என்பதற்காக. இதைக் கதையில் வைத்தால்: அலமாரியில் எல்லாப் புத்தகமும் முதுகு வெளுத்து நிற்கிறது, நடுவில் ஒன்று மட்டும் பளிச்சென்று. அது அங்கே நேற்றுதான் வந்திருக்கிறது. அப்படியானால் அந்த இடத்தில் முன்பு நின்றது எங்கே?

நூலக முத்திரை. அழித்திருப்பார்கள், தாளை விளக்கொளியில் பிடித்தால் அந்த இடம் மட்டும் மெலிந்து தெரியும். பழைய அட்டைக்குள் புதுத் தையல். பக்க வரிசையில் ஒரே ஒரு தாள் மட்டும் கொஞ்சம் குட்டையாக இருப்பது, வேறு பிரதியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது அது. இதெல்லாம் எந்தத் தடயவியல் அறிக்கையிலும் வராது.

---

கதவிடுக்கு

இந்த வரிசையில் நிலப்படத் திருட்டையும் சேருங்கள். ஃபோர்ப்ஸ் ஸ்மைலி என்ற நிலப்பட வியாபாரி 2005இல் யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கி நூலகத்தில் எப்படிச் சிக்கினார் தெரியுமா? தரையில் ஒரு சின்னக் கத்தி அலகு கிடந்தது. ஒரு நூலகர் அதைப் பார்த்துவிட்டார். நூலகத்தில் யாருக்கு எதற்கு அலகு? அந்த ஒன்றிலிருந்து இழுத்துக்கொண்டே போய், கடைசியில் பல நூலகங்களிலிருந்து 97 நிலப்படங்களை எடுத்ததாக அவரே ஒப்புக்கொண்டார். நாவலில் இதைப் படித்திருந்தால் 'இவ்வளவு கவனக்குறைவாக எவன் இருப்பான்' என்று நானே திட்டியிருப்பேன்.

---

மருந்துப்பெட்டி

விஷம் பற்றிப் பேச்சு வந்ததால் உள்ளே வருகிறேன். புத்தகமே விஷமாக இருக்கிற விவகாரம் தெரியும்தானே? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் புத்தக அட்டைத் துணிக்கு ஒரு பளீர்ப் பச்சை பூசினார்கள், எமரால்டு கிரீன், அதில் செம்போடு ஆர்சனிக்கும் உண்டு. அமெரிக்காவின் வின்டர்தூர் அருங்காட்சியகத்தில் 2019 முதல் இந்த அட்டைகளைத் தேடிப் பட்டியல் போடுகிறார்கள். பிரான்சின் தேசிய நூலகம் 2024இல் சந்தேகத்துக்குரிய நான்கு புத்தகங்களை அலமாரியிலிருந்து எடுத்துத் தனியே வைத்தது.

உடனே யாராவது நாவல் எழுத உட்கார்ந்துவிடாதீர்கள். பச்சைப் புத்தகத்தைப் பரிசாகக் கொடுத்தான், தொட்டாள், செத்தாள் என்று எழுதினால் புத்தகத்தை மூடிவிடுவேன். அட்டையைத் தொட்டால் சாக மாட்டார்கள். உதிர்கிற துகள் விரலில் ஒட்டும், கை கழுவாமல் சாப்பிட்டால் உள்ளே போகும், நாள்பட்டால் உடம்புக்கு ஆகாது. கையுறை போட்டு, தனிப் பையில் வைத்து, மேசையைத் துடைத்துவிட்டுப் போங்கள் என்பதுதான் நூலகர்களுக்குச் சொல்லும் அறிவுரை. தவிர, ஆர்சனிக்கைக் கண்டுபிடிக்க நம்பகமான சோதனை 1836இலேயே வந்துவிட்டது, அது ஒளிந்துகொள்கிற விஷம் இல்லை.

ஆனால் வேறு விதமாகப் பயன்படுத்தலாம். செத்தவர் உடம்பில் ஆர்சனிக் இருக்கிறது, எல்லாரும் டீக்கோப்பையைச் சந்தேகப்படுகிறார்கள், அவரோ பச்சை அட்டைப் புத்தகங்களையே வருடக்கணக்கில் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர். ஆகவே ஆர்சனிக் திசைதிருப்பல், கொன்றது வேறு ஒன்று. இது நியாயமான ஆட்டம். அகதா கிறிஸ்டி முதல் உலகப் போரின்போது மருந்தகத்தில் வேலை பார்த்தவர், அதனால்தான் அவருடைய விஷங்கள் விஷம் மாதிரி நடந்துகொள்கின்றன. இன்றைய கோஸிகளில் பாதியில் விஷம் எழுத்தாளர் சொன்ன நேரத்துக்கு வேலை செய்கிறது.

---

தூசுத்தாள்

நியாயமான ஆட்டம் என்றதும் நாக்ஸ் பாதிரியார் நினைவுக்கு வருகிறார். ரொனால்டு நாக்ஸ் 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளை எழுதினார். ரகசிய அறையோ வழியோ ஒன்றுக்கு மேல் கூடாது, யாரும் கண்டுபிடித்திராத விஷம் கூடாது, இப்படி. கொஞ்சம் கிண்டலும் கலந்தது அது. ஆனால் ஆறாவதை மட்டும் ஒவ்வொரு கோஸி எழுத்தாளரும் மேசைக்கு மேல் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டும்: தற்செயல் துப்பறிகிறவருக்கு உதவக் கூடாது.

நானே மேலே எழுதினேன், அலமாரிக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்கலாம் என்று. அது ஒருமுறை நடந்தால் சுவாரசியம். ஒவ்வொரு அத்தியாயத்திலும் கதாநாயகி ஏணியில் ஏறும்போதெல்லாம் கீழே யாராவது வந்து குற்றத்தைப் பற்றிப் பேசினால் அது துப்பறிதல் இல்லை, காது இருப்பது மட்டும்தான். பழைய_அட்டை ஐயா சொன்ன மேலுறை விளம்பரம், வெளுத்த முதுகு, இவற்றில் தற்செயல் கிடையாது. தெரிந்தவள் பார்த்தாள், தெரியாதவர்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

---

அரைத்தூக்கம்

சரி, எல்லாரும் ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டீர்கள், நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் கேட்பது அரிய புத்தக உலகத் திரில்லர். அது வேறு வகை, அதற்கும் வாசகர்கள் இருக்கிறார்கள், நல்லது. கோஸிக்கு வருகிறவர்கள் வேறு ஒன்றுக்காக வருகிறோம். கொலை எங்களுக்கு ஒரு சாக்கு. அந்த ஊரில் காலையில் கடை திறக்கிற சத்தம், எதிர்க்கடைக்காரியோடு வம்பு, எந்தப் புத்தகத்தை எந்த அலமாரியில் வைப்பது என்று ஒரு பக்கம் முழுக்க நடக்கிற சண்டை, இதற்காக வருகிறோம். நீங்கள் எதை வெறும் அலங்காரம் என்கிறீர்களோ அதற்குத்தான் நான் காசு கொடுக்கிறேன்.

நிஜப் புத்தக ஊர்களைப் பாருங்கள். ஸ்காட்லாந்தில் விக்டவுன், பக்கத்திலிருந்த பால் பொருள் தொழிற்சாலையும் விஸ்கி வடிசாலையும் மூடி, ஊரில் வேலை இல்லாமல் போனபோது, 1990களின் கடைசியில் அதை நாட்டின் புத்தக ஊர் என்று அறிவித்தார்கள். இப்போது அங்கே ஒரு கடையையும் மாடி வீட்டையும் சேர்த்து விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிறார்கள், போகிறவர்களே அந்த நாட்களில் கடையை நடத்த வேண்டும், பணம் கொடுத்து வேலை செய்ய ஆட்கள் காத்துக்கிடக்கிறார்கள். டெக்சாஸில் ஆர்ச்சர் சிட்டி, நாவலாசிரியர் லாரி மக்மர்ட்ரி தன் சொந்த ஊரில் நான்கு கட்டடம் முழுக்கப் பழைய புத்தகம் நிரப்பி வைத்திருந்தார், 2012இல் அதில் பெரும்பகுதியை, சுமார் மூன்று லட்சம் புத்தகங்களை, ஏலத்தில் விற்றார். பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் போய்விடும் என்று யோசித்துத்தான். நார்வேயில் ஃபியார்லாண்ட், பனியாற்றின் அடிவாரத்தில், பழைய மாட்டுக் கொட்டகையிலும் படகுத்துறைக் காத்திருப்பு அறையிலும் புத்தகம் விற்கிறார்கள், குளிர்காலத்தில் பெரும்பாலும் மூடிவிடுவார்கள்.

நிஜத்தில் இந்த ஊர்கள் எல்லாமே பொருளாதார நோயாளிகளுக்குக் கொடுத்த மருந்து, அதுவும் எல்லா இடத்திலும் கேட்கிற மருந்து இல்லை. கோஸியில் மட்டும் ஒரு தெருவில் இருபது பேர் பழைய புத்தகம் விற்று, வாடகை கட்டி, பின்னேரம் கேக் சாப்பிட்டு, நாய்க்கு வைத்தியமும் பார்க்கிறார்கள். கொலையை நம்பிவிடுவேன், அந்த வரவு செலவுக் கணக்கைத்தான் நம்ப முடியாது. ஆனால் அதைத்தான் ஆசைப்பட்டுப் படிக்கிறேன். அங்கே ரிங், மோசடி, செத்தவர் குடும்பத்தை ஏமாற்றுவது என்று வியாபாரத்தையே அழுகலாகக் காட்டினால், கொலைகாரனைப் பிடித்த பிறகும் அந்தத் தெருவுக்கு நான் எப்படித் திரும்பிப் போவேன்? மனைத் தகராறு என்றால் ஒரு கெட்டவன் போனான், தெரு சுத்தம். அதனால்தான் அவர்கள் மனைத் தகராறு எழுதுகிறார்கள். சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள்.

---

மைக்கறை

அக்கா, கடைசிப் பத்தி கனமான வாதம். இத்தனை நாள் இப்படி யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனாலும் விடமாட்டேன். வைஸ் கதையில் வியாபாரம் முழுக்க அழுகலா? அதே வியாபாரத்தைச் சேர்ந்த இரண்டு பேர்தானே அவரைப் பிடித்தார்கள். தெருவில் ஒரு கள்ளனும் அவனைப் பிடிக்கிற இரண்டு யோக்கியர்களும் இருந்தால் தெரு கெட்டுவிடாது, எனக்கு இன்னும் பிடித்துப்போகும்.

---

அரைத்தூக்கம்

ரிங்கில் எத்தனை பேர் இருப்பார்கள்?

---

மைக்கறை

...நிறையப் பேர்.

---

அரைத்தூக்கம்

அதான்.

---

கதவிடுக்கு

வரவு செலவு பற்றி ஒன்று. இருபது கடை பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒருவரை ஒருவர் தின்றுவிடுவார்கள் என்று தோன்றும், ஆனால் பழைய புத்தகத்தில் அப்படி நடப்பதில்லை. ஒரே பிரதிதான் இருக்கிறது, அது உங்களிடம் இருந்தால் என்னிடம் இல்லை. ஒரு கடைக்காகத் தூரத்திலிருந்து யாரும் வண்டி ஏற மாட்டார்கள், இருபது கடைக்காக ஏறுவார்கள். கடைக்காரர்கள் தங்களுக்குள்ளும் நிறைய வாங்கி விற்பார்கள், சமையல் புத்தகக் கடைக்கு வந்துசேர்ந்த ரயில் புத்தகம் ரயில் கடைக்குத்தான் போக வேண்டும்.

இதற்கென்றே 'ரன்னர்' என்று ஆட்கள் இருந்தார்கள், கடை கிடையாது, ஒரு பை மட்டும், இந்தக் கடையில் மலிவாகக் கிடப்பதை வாங்கி அந்தக் கடையில் விற்பார்கள். யாரிடம் என்ன இருக்கிறது, யாருக்குப் பணமுடை, யார் எதை வாங்க மறுத்தார் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். கோஸிக்குத் துப்பறிகிறவராக ரன்னரைப் போட வேண்டும் என்பது என் ரொம்ப நாள் ஆசை. எல்லாக் கடைக்கும் போவார், எந்தக் கடையிலும் முக்கியமானவர் இல்லை.

---

பழைய_அட்டை

முதல் பிணமாகவும் அவரையே போடலாம். அவ்வளவு தெரிந்தவர் ரொம்ப நாள் இருக்கமாட்டார்.

---

புதுவாசகி_3

வணக்கம், இழை முழுக்கப் படித்தேன். நான் இந்த வகையில் ஒன்றுகூடப் படித்ததில்லை, எங்கே தொடங்குவது? பயமில்லாததாக இருக்க வேண்டும், ஆனால் முட்டாளாக்கவும் கூடாது.

---

தூசுத்தாள்

பயமில்லாதது எல்லாமே. புத்தக ஊர்தான் வேண்டும் என்றால் மைக்கறை மேலே சொன்ன வரிசையின் முதல் நாவல், நடுவிலிருந்து எடுக்காதீர்கள், யார் யாருக்கு என்ன உறவு என்பது முன்னேறிக்கொண்டே போகும். ஆட்டம் நியாயமாக இருக்க வேண்டும் என்றால் முதலில் அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் கதைகள், 1930இல் வந்த முதல் நாவலிலிருந்து. மிஸ் மார்ப்பிள் இருக்கிற கிராமத்தில் புத்தகக் கடை இல்லை, ஆனால் இந்தப் புத்தக ஊர்களெல்லாம் அந்தக் கிராமத்திலிருந்து கிளம்பியவைதான். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் இந்த இழையில் யார் பக்கம் நிற்பது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

---

அரைத்தூக்கம்

என் பக்கம் வாருங்கள் தங்கச்சி. இந்தப் பக்கம்தான் பூனை இருக்கிறது.

---

மருந்துப்பெட்டி

ஹே ஊரின் கோட்டை வளாகத்தில் ஒரு நேர்மைக் கடை உண்டு, கேள்விப்பட்டிருப்பீர்கள். திறந்தவெளியில் அலமாரிகள், கல்லாவில் ஆள் கிடையாது, புத்தகத்தை எடுத்துக்கொண்டு காசைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்றுதான் தோன்றும். அங்கே ஒரு புத்தகத்தைக் கொண்டுபோய் யார் சொருகினாலும் தெரியாது. திருட்டுப் பொருளைக் கைமாற்ற அதைவிட நல்ல இடம் எது?

---

மைக்கறை

இதை யாராவது எழுதுங்கள், இல்லாவிட்டால் நானே எழுதிவிடுவேன். அக்காவையும் சமாதானப்படுத்துகிற மாதிரி ஒரு ஏற்பாடு தோன்றுகிறது: ரிங் எல்லாம் வேண்டாம், ஒரே ஒரு கள்ளன், மற்றத் தெரு முழுக்க நல்லவர்கள். செத்தவர் கடைசியாக வாங்கிய புத்தகம் அந்தத் திறந்தவெளி அலமாரியில் கிடைக்கிறது. என்ன விலைக்கு வாங்கினார் என்று தெரிந்தால் யாரிடம் வாங்கினார் என்பது தெரிந்துவிடும். ஆனால் ரசீது இல்லை.

---

பழைய_அட்டை

ரசீது எதற்கு? பின் அட்டையைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வாங்கிய விலையைக் கடைக்காரர்கள் பென்சிலில் குறியீடாக எழுதிவைப்பது பழைய வழக்கம். ஓர் எழுத்துகூடத் திரும்ப வராத பத்தெழுத்துச் சொல் ஒன்றை மனசுக்குள் வைத்துக்கொள்வார்கள், முதல் எழுத்து 1, அடுத்தது 2, கடைசி எழுத்து 0. வாடிக்கையாளருக்கு ஏதோ கிறுக்கல் மாதிரி தெரியும். ஒவ்வொரு கடைக்கும் வேறு சொல்.

---

தூசுத்தாள்

அப்படியானால் அந்தச் சொல் செத்தவரைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்?

---

பழைய_அட்டை

கடையில் வேலைக்கு இருக்கிற பையனுக்கு. அவன் இல்லாமல் எந்தக் கடையில் விலை போடுகிறார்கள்?

---

அரைத்தூக்கம்

பையனைக் கொல்லாதீர்கள். சொல்லிவிட்டேன்.